12 பேர், 14 நாள்

கம்பம் பள்ளத்தாக்கில் செல்போன் ஆப் எழுதப் படிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் கல்லூரியை விட்டு வெளியே வருகிறார்கள். அவர்களைக் கைதூக்கிவிட ஊரால் என்ன செய்ய முடியும்?

விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் போடியிலும் தெருமுனைகளில் ஜீப்புகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் வந்து ஏறுகிறார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் களையெடுத்து, காய் பறித்து, சாயங்காலம் இறங்கி வருவார்கள். இன்றைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, எந்தத் தோட்டத்துக்கு எத்தனை ஆள் என்ற கணக்கில் பாதி, ஓட்டுநரின் சட்டைப்பையில் மடங்கிக் கிடக்கும் ஒரு நோட்டில் இருக்கும். மீதி அவர் மண்டைக்குள் இருக்கும்.

முந்தின ராத்திரி இதே சாலையில் வேறொரு வண்டி கிளம்பிப் போயிருக்கும். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற ஆம்னி பஸ். ஜீப்பில் ஏறுகிறவர்களின் பிள்ளைகளில் படித்தவர்கள் அதில் போகிறார்கள். ஜீப் சாயங்காலம் திரும்பிவிடும். பஸ்ஸில் போனவர்கள் பொங்கலுக்கும் வீரபாண்டித் திருவிழாவுக்கும்தான் திரும்புவார்கள். பத்து நிமிஷத்தில் பால் பாக்கெட் கொண்டுவந்து கொடுக்கும் ஆப்புக்காகப் பெருநகரத்தில் உட்கார்ந்து நிரல் எழுதுகிற பையனுக்கு, தன் அம்மா போகும் ஜீப்பில் இருக்கிற நோட்டைப் பற்றி நன்றாகவே தெரியும். அந்த நோட்டை ஒரு ஆப்பாக மாற்றுவது அவனுக்கு மலையைப் புரட்டுகிற வேலை அல்ல. எழுதினால் யார் பயன்படுத்துவார்கள், யார் காசு கொடுப்பார்கள்? அங்கேதான் அவன் நின்றுவிடுகிறான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது ஊர்.

கூகுள் கேட்கும் ஆள் கணக்கு

போடியில் 2012-ல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரியிலோ, உத்தமபாளையத்தில் 1956 முதல் இருக்கும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியிலோ படிக்கும் ஒரு மாணவி, திராட்சை விவசாயிகளுக்காக ஒரு ஆப் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கவாத்து செய்த தேதியைப் போட்டுவிட்டால் போதும். அன்றிலிருந்து எண்ணி, எத்தனையாவது நாளில் என்ன மருந்து, அறுப்பு எப்போது வரும் என்று ஆப் நினைவூட்டும். எழுதி முடித்தாயிற்று. இனி கூகுள் ப்ளே ஸ்டோரில் ஏற்ற வேண்டும். 25 டாலர் கட்டிக் கணக்குத் தொடங்க வேண்டும். ஒரே ஒரு முறை கட்டினால் போதும், நம் காசில் இரண்டாயிரத்துச் சொச்சம். சித்தப்பாவின் கார்டில் அதைக் கட்டிவிடலாம். முட்டுச்சந்து அடுத்த திருப்பத்தில் இருக்கிறது.

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் கணக்குத் தொடங்கியவர்கள் ஆப்பை நேரே ஸ்டோரில் வைத்துவிட முடியாது. அழைத்தவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்க்கும் சோதனை ஒன்றை முதலில் நடத்த வேண்டும். ஆரம்பத்தில் அதற்கு 20 பேர் வேண்டும் என்றார்கள். 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாள் விலகாமல் சோதனையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும், சோதித்தவர்கள் என்ன சொன்னார்கள், நீங்கள் எதைத் திருத்தினீர்கள் என்று கூகுள் கேட்கும். பதில் சரியாக இருந்தால்தான் கதவு திறக்கும்.

குப்பை ஆப்களை வடிகட்ட வந்த விதி இது. நகரத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், டீ குடிக்கப் போகும்போதே 12 பேரைப் பிடித்துவிடுவார். வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதும் மாணவி, கூடப் படிப்பவர்களைக் கெஞ்ச வேண்டும். அவர்களும் இறக்கிக்கொள்வார்கள், போனில் இடம் போதவில்லை என்று மூன்றாம் நாள் அழித்தும் விடுவார்கள். இந்தத் தவிப்பை நம்பி, 12 பேரைக் காசுக்குச் சேர்த்துத் தருகிற வியாபாரமே இணையத்தில் முளைத்திருக்கிறது. எங்கோ இருக்கும் முகம் தெரியாதவர்கள் 14 நாள் ஆப்பைத் திறந்து மூடுவார்கள். கவாத்து என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது.

விதி எழுதியவர்கள் என்ன நினைத்து எழுதினார்களோ, அதற்குள் இருக்கும் கேள்வி நியாயமானது. இந்த ஆப் வேண்டும் என்று சொல்ல உனக்கு 12 பேர் இருக்கிறார்களா?

ஆப் எழுதுகிறவர்களுக்கு ஆதரவு என்றதும் நமக்குக் குளிரூட்டிய கட்டடமும் ஹேக்கத்தானும் மேடையில் கொடுக்கும் அட்டைக் காசோலையும் ஞாபகத்துக்கு வருகின்றன. சுருளிப்பட்டியில் திராட்சைக் கொடி வைத்திருக்கும் 12 பேர், ஒரு பெண்பிள்ளை எழுதிய அரைகுறை ஆப்போடு 14 நாள் மல்லுக்கட்டி, “எழுத்து கண்ணுக்கே தெரியல தாயி, பெருசாக்கு” என்றோ, “மழை பெஞ்சா மருந்து நாளைத் தள்ளிப் போடணும்ல, அது இதுல இல்லையே” என்றோ சொல்வார்களானால், அந்தப் பிள்ளைக்கு அதுதான் முதல் முதலீடு.

கைவசம் இருக்கும் வேலை

இந்தப் பள்ளத்தாக்கில் ஆப்புக்கு வேலை இல்லாமல் இல்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம்தான். இங்கே ஆண்டு முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டிருக்கும். ஒருவர் கவாத்து செய்யும்போது பக்கத்துத் தோட்டக்காரர் பழம் வெட்டுகிறார். ஓடைப்பட்டிப் பக்கம் போனால் விதையில்லாத் திராட்சை, அதற்குத் தனிப் பக்குவம். பள்ளத்தாக்கு முழுவதற்கும் பொதுவாக ஒரே காலண்டர் போட முடியாது. ஆளுக்கொரு காலண்டர் வேண்டும். காகிதத்தில் அச்சடிக்க முடியாத இந்தக் காலண்டரைப் போனில் செய்துவிடலாம்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. லோயர் கேம்ப்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலுக்கு முல்லைப் பெரியாறு அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. ஜூன் 1-ம் தேதி திறப்பார்களா, மாட்டார்களா என்பதுதான் ஒவ்வொரு கோடையிலும் டீக்கடைப் பேச்சு. 142 அடி வரை தேக்கிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்ன அணையின் மட்டமும், 71 அடி வைகையின் மட்டமும் இங்கே கிரிக்கெட் ஸ்கோர் போலத் தினமும் விசாரிக்கப்படுகின்றன. எந்த வாய்க்காலில் எந்த நாள் முறைத் தண்ணீர் என்பது மட்டும் இன்றைக்கும் வாய்வார்த்தையாகவே போகிறது.

மின்னணு வியாபாரம் ஊருக்குப் புதிதும் அல்ல. போடியில் ஏலக்காய் ஏலம் 2007-லேயே கணினித் திரைக்கு மாறியது. ஐபோன் உலகத்துக்கு வந்த அதே ஆண்டு. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்து, திரையைப் பார்த்தபடி பட்டனைத் தட்டி விலை ஏற்றுகிறார்கள். 2019 ஆகஸ்டில் இடுக்கிப் பக்கம் புத்தடி மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதும் இப்படித்தான். ஆக, கணினி வழி வியாபாரத்தில் இந்த ஊருக்கு இரண்டு தலைமுறைப் போன்களுக்கு முந்திய அனுபவம் உண்டு. வெளியே எங்கோ செய்த மென்பொருளை வாங்கிப் பயன்படுத்திப் பழகிய ஊர், தன் பிள்ளைகளிடம் ஒன்றைச் செய்யச் சொல்லிக் கேட்டுப் பழகவில்லை.

விலை தெரிந்தால் போதுமா?

விவசாயிக்கு ஆப் என்றதும் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது சந்தை விலை. அதில் சூதானமாக இருக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளக் கடற்கரையில் ஒரு பாடம் இருக்கிறது. 1997-க்கும் 2001-க்கும் இடையே வட கேரளத்தில் செல்போன் வந்தபோது மீனவர்களுக்கு என்ன நடந்தது என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார். கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் என்ன விலை என்று விசாரித்துக் கரையேறியதால், வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவர் கொடுத்த விலையும் 4 சதவீதம் குறைந்தது. செல்போனால் ஏழைக்கு என்ன நன்மை என்று கேட்டவர்களுக்கெல்லாம் உலகம் இந்த ஆய்வைத்தான் காட்டியது.

பிறகு அதே கடற்கரைக்குப் போன ஆய்வாளர்கள் வேறொன்றையும் பார்த்தார்கள். படகுக்கும் வலைக்கும் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கிய மீனவர், பக்கத்துத் துறையில் விலை கூட என்று தெரிந்தாலும் மீனை அங்கே கொண்டுபோக முடியாது. கடன் கொடுத்தவரிடம்தான் கொட்ட வேண்டும்.

கம்பத்துக் கமிஷன் மண்டியில் மருந்துக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கிய திராட்சை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விலை காட்டும் ஆப் அவருக்கு வயிற்றெரிச்சலைத்தான் கொடுக்கும். முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று இரு தரப்புக்கும் ஒரே சிட்டையைக் காட்டும் ஆப் அவருக்கு உதவும். மண்டிக்காரரையும் அது பகைத்துக்கொள்ளாது. இந்த நுணுக்கம் பெருநகரத்து ஸ்டார்ட்-அப்புக்குத் தெரியவருவதற்குள் அதன் முதலீடு கரைந்துவிடும். மண்டிக்காரரின் மகளுக்கோ அது வீட்டுப் பேச்சு. உள்ளூர் டெவலப்பரின் பலமே அதுதான்.

கட்டடம் முந்தியா, கூட்டம் முந்தியா?

கென்யத் தலைநகர் நைரோபியில் 2010 மார்ச்சில் ஒரு கட்டடத்தின் மாடியில் ‘ஐ-ஹப்’ என்று ஒரு இடம் திறந்தார்கள். அதற்கு முந்தின ஆண்டுதான் கடலடிக் கேபிள் வந்து இணையம் வேகம் பிடித்திருந்தது. எரிக் ஹெர்ஸ்மன் முன்னின்று தொடங்கிய அந்த இடத்தில் இருந்தவை நல்ல இணையம், மேசை, காபி, தன்னைப் போலவே ஆப் எழுதும் நாலு பேர். அந்தச் சூழலில் மூன்று பெண்கள் சேர்ந்து, விவசாயிக்கு எஸ்.எம்.எஸ்ஸில் சந்தை விலை சொல்லும் எம்-ஃபார்ம் என்ற சேவையைத் தொடங்கினார்கள். ஐ-ஹப்பும் சொகுசாக ஓடிவிடவில்லை. நன்கொடைக் காசில் தொடங்கிய இடம், பிறகு தன் செலவுக்குத் தானே வழி தேட வேண்டியிருந்தது. 2019-ல் நைஜீரியாவின் சி.சி.ஹப் அதை வாங்கியது. ஆனால் அங்கே பழகிய கூட்டம் கட்டடத்தோடு போய்விடவில்லை.

நம்மூரில் முதலில் எழும்புவது கட்டடம்தான். 2024-ல் விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் மினி டைடல் பூங்காக்கள் திறந்தார்கள். மதுரையில் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐ.டி. பூங்காக்கள் இருக்கின்றன. இவையெல்லாம் வேண்டியவைதான், வேலை கொடுக்கின்றன. ஆனால் அதே விழுப்புரத்தில், டைடல் வருவதற்கு வெகு முன்பிருந்தே, வி.ஜி.எல்.யு.ஜி. என்ற குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்கிவருகிறது. கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தருவார், அவர் அடுத்தவருக்குச் சொல்லித்தருவார். 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழும் இதே வழியில் தொழில்நுட்பத்தைத் தமிழில் எழுதிவருகிறது.

தென்காசி இன்னொரு வழி. ஜோஹோ நிறுவனம் 2011-ல் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. ஜோஹோ டெஸ்க் என்ற அதன் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் அங்கே உருவானது. உலகச் சந்தைக்கான மென்பொருளை வயல்வெளி ஓரத்தில் செய்யலாம் என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலேயே சாட்சி கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு பெரிய நிறுவனம் தேடி வரும் என்று எல்லா ஊரும் காத்திருக்க முடியாது. விழுப்புரத்து வழிக்கு வேண்டியது சனிக்கிழமை சாயங்காலம் ஒரு லேபைத் திறந்துவைக்கும் மனசு.

ஆட்டோக்காரர்கள் கேட்டு வாங்கியது

ஆப் எழுதுகிறவர்களும் அதைப் பயன்படுத்துகிறவர்களும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை 2022-ல் பெங்களூரு காட்டியது. வாடகைக் கார் ஆப்கள் எடுக்கும் கமிஷனில் நொந்துபோன ஆட்டோ ஓட்டுநர்கள் சங்கமும் ஜஸ்பே என்ற மென்பொருள் நிறுவனமும் சேர்ந்து ‘நம்ம யாத்ரி’யைக் கொண்டுவந்தார்கள். சவாரிக்குச் சவாரி கமிஷன் இல்லை. ஒரு நாளைக்கு 25 ரூபாய் கட்டிவிட்டு எத்தனை சவாரி வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று பிறகு கட்டணம் வைத்தார்கள். நிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைத்தார்கள்.

போடியிலும் கம்பத்திலும் ஜீப் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். திராட்சை விவசாயிகளுக்கும் ஏலக்காய் வியாபாரிகளுக்கும் சங்கங்கள் இருக்கின்றன. இவர்கள் மாநாட்டில் நிறைவேற்றும் தீர்மானங்களில், “எங்கள் கணக்குக்கு ஒரு ஆப் வேண்டும், உள்ளூர்ப் பிள்ளைகள் செய்து தரட்டும், மாதம் இவ்வளவு தருகிறோம்” என்று ஒரு வரி சேர்ந்தால் போதும். டெவலப்பருக்கு அந்த ஒரு வரி பத்து ஹேக்கத்தானுக்குச் சமம். பரிசு ஒரு நாளோடு முடிந்துவிடும், மாதக் கட்டணம் அவனை ஊரிலேயே இருத்திவைக்கும்.

தூர் வாருகிற வேலை

ஆப்பை வெளியிட்டவுடன் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆண்டுதோறும் புது ஆண்ட்ராய்டு வருகிறது. அதற்கேற்பத் திருத்தாமல் விட்ட ஆப், புதுப் போன் வாங்கியவர்களின் கண்ணுக்கு ப்ளே ஸ்டோரில் தட்டுப்படாமல் போய்விடும். கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட்டாக எழுதி, மதிப்பெண் வாங்கியதும் மறந்துபோன ஆப்களுக்குக் கணக்கே இல்லை.

கண்மாயும் வாய்க்காலும் வைத்துப் பிழைத்த நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. வெட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். தண்ணீர் வருவதென்னவோ ஆண்டுதோறும் தூர் வாரியவர்களால்தான். குடிமராமத்தில் ஆயக்கட்டுக்காரர்கள் வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பினார்கள், இல்லாவிட்டால் பங்கு கொடுத்தார்கள். ஆப்புக்கும் அதே முறைதான் பொருந்தும். பயன்படுத்துகிறவர்கள் பங்கு கொடுக்க வேண்டும். ஒருவர் வேலை கிடைத்து பஸ் ஏறிவிட்டாலும் அடுத்தவர் தொடர, நிரல் பொதுவில் இருக்க வேண்டும்.

அரசு 2018 ஏப்ரலில் கொண்டுவந்த ‘உழவன்’ செயலி மானியம், வானிலை, சந்தை விலை என்று மாநிலம் முழுமைக்குமானது. அது பெரிய கால்வாய். கடைமடை வயலுக்குப் போகும் கிளை வாய்க்காலை உள்ளூர்க்காரர்தான் வெட்டவும் வேண்டும், வாரவும் வேண்டும்.

தேனியில் என்ன செய்யலாம்?

முதலில் இடம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஓடக் குறைந்தது 8 ஜி.பி. மெமரி உள்ள கணினி வேண்டும். எல்லா வீட்டிலும் அது இருக்காது. தேனி, போடி, உத்தமபாளையம் கல்லூரிகளின் லேப்கள் வார இறுதியில் பூட்டிக் கிடக்கின்ற நேரத்தில், மாதம் இரண்டு சனிக்கிழமை வெளியாட்களுக்கும் திறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, சோதனைக்கு ஆள். தொழில்வாரியாக 12 பேர் கொண்ட பட்டியல்கள் தயாராக இருக்கட்டும். திராட்சைக்கு ஒன்று, ஏலக்காய்க்கு ஒன்று, பூ வியாபாரத்துக்கு ஒன்று. எந்த மாணவி ஆப்போடு வந்தாலும், 14 நாள் அழிக்காமல் வைத்திருப்போம், தினமும் தொட்டுப் பார்ப்போம், குறையைக் கூச்சப்படாமல் சொல்வோம் என்று ஒப்புக்கொண்டவர்கள் அதில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

மூன்றாவது, வெளியூர் போனவர்கள். ஊருக்கு நன்கொடை என்றால் கோயில் கும்பாபிஷேகத்துக்குத்தான் என்று இல்லை. பெங்களூரில் பத்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் வந்து ஜூனியர்களின் நிரலைப் படித்துத் திருத்தலாம். திருவிழாவுக்கு வரும்போது ஒரு மதியம் நேரில் உட்காரலாம். 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில் பாதை அகலமாகி, 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் ரயில் திரும்பி வந்துவிட்டது. பயணம் இனி ஒரு சாக்கு ஆகாது.

நான்காவது, அரசிடம் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டு வாங்குவது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி கிடைக்கிறது. அதன் புராஜெக்ட்டுகளுக்குத் தலைப்பை மண்டியிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் எடுக்கலாம். ஸ்டார்ட்-அப் டி.என். அமைப்பின் வட்டார மையம் மதுரையில் இருக்கிறது. அதன் ‘டான்சீட்’ திட்டம் தொடக்க நிலை நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பெண்கள் நடத்தும் நிறுவனமென்றால் 15 லட்சம் வரை. ஆனால் அங்கே போய் நிற்கும்போதும் கேட்பது அதே கேள்விதான். உன் ஆப்பை யார் பயன்படுத்துகிறார்கள்?

ஆப் போடுமுன் ஒரு கணக்கு

ப்ளே ஸ்டோர் கணக்கு: 25 டாலர், ஒரு முறை. ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். பள்ளத்தாக்கில் ஆண்ட்ராய்டு போன்களே அதிகம், அங்கிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

கமிஷன்: பழம், ஏலக்காய், ஜீப் சவாரி போல நேரில் கைமாறும் பொருளுக்கும் சேவைக்கும் ஆப்பில் வசூலிக்கும் பணத்தில் கூகுளுக்குப் பங்கு இல்லை. ஆப்புக்குள்ளேயே விற்கும் டிஜிட்டல் சரக்குக்கு உண்டு. 2021 ஜூலையில் அதைத் திருத்தி, ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வருமானம் வரை 15 சதவீதம் என்று வைத்தார்கள்.

எச்சரிக்கை: கட்டணத் தகராறில் 2024 மார்ச்சில் கூகுள் சில இந்திய ஆப்களை ஸ்டோரிலிருந்து தூக்கியது. சென்னையில் வளர்ந்த பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. மத்திய அரசு தலையிட்டபின் அவை திரும்பின. வாடிக்கையாளர்களின் விவரத்தை முழுக்க ஸ்டோரை நம்பியே விடக்கூடாது.

ஜீப்பிலேயே இருக்கிறார்கள்

ஒரு சந்தேகம் வரலாம். ஜீப்பில் போகும் பெண்கள் எல்லோரிடமும் டச் போன் இருக்கிறதா? மலையில் சிக்னல் இருக்கிறதா? இரண்டுக்கும் பாதி பதில்தான் உண்டு. வளைவுக்கு வளைவு டவர் போய்விடும். சிலரிடம் பட்டன் போன்தான். அதனால்தான் ஜீப் நோட்டுக்குப் பதிலான ஆப்பை இங்கே இருக்கிறவர் எழுத வேண்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் வருகையைக் குறித்துவைத்து, அடிவாரம் இறங்கியதும் அனுப்புகிற மாதிரி எழுதுவதற்கும், படிக்கத் தெரியாதவருக்குக் குரலில் சொல்வதற்கும், அந்த ஜீப்பில் ஒரு முறையாவது ஏறியிருக்க வேண்டும்.

இந்த ஜீப்புகளில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதாக அடிக்கடி புகார் எழும், வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள். கணக்குக்கு எட்டுப் பேர் என்றாலும், விடியலில் எட்டிப்பார்த்தால் 12 பேருக்குக் குறையாமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஊர், ஒரே தோட்டம், தினமும் அதே வண்டி. கூலி எவ்வளவு, எத்தனை நாள் வேலை, பாக்கி எவ்வளவு என்ற கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். இவர்களைவிடக் கறாரான டெஸ்டர் எந்த நகரத்தில் கிடைப்பார்?

கையில் ஒரு போனோடு பதிமூன்றாவது ஆளாக ஒரு பிள்ளை அந்த ஜீப்பில் ஏறினால், “கொஞ்சம் நகரு தாயி” என்று இடம் கொடுப்பார்கள். பதினான்கு நாளைக்கு.